மறுநாளும் உலக்கையை நிறுத்திப் பாரு

வாரும் வாத்தியாரே, வாரும். இந்தத் திண்ணையில இப்படி உக்காரு.

என்ன முழிக்க? ‘வாரும்’னு கூப்பிட்டுட்டு ‘உக்காரு’ங்கானே கிழவன்னு பாக்குதியா? மொதல்ல சொன்னது உன் படிப்புக்கு. பெறகு சொன்னது உன் வயசுக்கு. என் மூத்த பேரனைவிட ரெண்டு வயசு இளையவன் நீ. உனக்கு ‘நீங்க’ போட்டா என் நாக்கு சுளுக்கிக்கிடும்.

பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பி.எட்., அதுக்குப் பெறகு டெட்டு, டிஆர்பி. யம்மாடி! இஞ்சின் சின்னது, பெட்டி நெறைய. செங்கோட்டை ரயிலு தோத்துது போ. நான் படிச்சது எட்டாப்பு. அதுலயும் பாதி நாளு அனுமன் நதியிலதான் பாடம். இருந்தாலும் எம்பது வயசுக்காரன் சொல்லுதேன், கொஞ்சம் காது குடு. கேட்டுட்டு வேண்டாம்னா வேட்டியில தட்டிட்டுப் போ.

கக்கத்துல என்னது, அட்டைப்பெட்டி? அறிவியல் கண்காட்சிக்கா? தெறந்து காட்டு, பாப்போம்.

அட, எரிமலை!

தெர்மாகோல்ல மலை. உச்சியில செவப்புப் பெயிண்டு. உள்ள சோடாமாவு. வினிகரை ஊத்துனா நொரை தள்ளும். பிள்ளைய கை தட்டும். போன வருசம் எம் பேத்தியும் இதேதான் கொண்டு போனா. கடையில ரெடிமேடா விக்கான். முன்னூத்தம்பது ரூவா. பெயிண்டுகூட அவனே அடிச்சுக் குடுத்துருதான். அன்னைக்கி கண்காட்சியில மொத்தம் ஒம்பது எரிமலை. ஊரு தப்பிச்சது முருகன் புண்ணியம்.

எனக்கு ஒரு சந்தேகம் வாத்தியாரே. நம்ம நாட்டுல பொகையிற எரிமலை எங்க இருக்கு? அந்தமான் கடல்ல, பாரன் தீவுல. கப்பல் ஏறிப் போகணும். ஆய்க்குடியில இருந்து குத்தாலம் போக? தென்காசியில ஒரு பஸ்ஸு மாறணும், அவ்வளவுதான். வாசல்ல அருவியை வச்சிக்கிட்டு எரிமலைக்கு அழுதானாம் ஒருத்தன். என்ன பாக்க? பழமொழி இல்ல, இப்ப நானா சொன்னதுதான்.

ஆனி ஆடியில சாரல் அடிக்கில்லா, அது ஏன் அடிக்கின்னு உன் கிளாஸ்ல கேட்டிருக்கியா? நான் கேட்டிருக்கேன். எம் பேரன், பத்தாப்புல அறிவியலுக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குனவன், என்ன சொன்னான் தெரியுமா? “சீசன் தாத்தா, அதான்.” நல்லாருக்குலா? சீசன் ஏன் வருது? சாரல் அடிக்கறதால. சாரல் ஏன் அடிக்கி? சீசன்கறதால. செக்குமாடுகூட நடுவுல நின்னு மூச்சு வாங்கும்.

மேல்காத்து அரபிக்கடல்ல ஈரத்தை அள்ளிக்கிட்டு வருது. மலை குறுக்க நிக்கி. காத்து என்ன செய்யும்? ஏறுது. ஏற ஏறக் குளுந்து போகுது. குளுந்த காத்தால அம்புட்டு ஈரத்தைச் சொமக்க முடியல. கேரளாப் பக்கமே பெரும்பங்கைக் கொட்டிருது. மிச்சசொச்சம் ஆரியங்காவுக் கணவாய் வழியா நம்ம பக்கம் நழுவி வருது. கெழக்க சுரண்டைக்குப் போகையில ஈரமெல்லாம் தீந்து வெறுங்காத்து. அங்கன காத்தாலையைச் சுத்துது. ஒரே காத்துதான் கேட்டியா. மலைக்கு அந்தப் பக்கம் மழை, நமக்குத் தூத்தல், சுரண்டைக்குக் கரண்டு.

பேரருவிக்குப் போயி நிக்கியே, அத்தனை ஒசரத்துல இருந்து விழுந்த தண்ணி உன் மண்டையை ஏன் பொளக்கல? நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்கு. தண்ணி மொதல்ல அதுக்குள்ள விழுந்து, பொங்கி, வேகம் தணிஞ்சு, பெறகுதான் கீழ வருது. வேகமெல்லாம் அங்கனயே சத்தமாவும் நொரையாவும் செலவாயிருது. இதுக்குப் புஸ்தகத்துல ‘ஆற்றல் மாற்றம்’னு பேரு. எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு அருவியில நிக்கறவனுக்கு அந்தப் பேரு தெரியாது. பேரு தெரிஞ்ச உன் பிள்ளைகளுக்கு அருவியில எதைப் பாக்கணும்னு தெரியாது. ரெண்டையும் கோக்கத்தானய்யா உனக்குச் சம்பளம்?

சரி, கோவிச்சுக்கிடாத. மோர் குடி.

இப்ப ஆய்வகத்துக்கு வருவோம். 2016ல ‘அடல் டிங்கரிங் லேப்’புன்னு மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டாந்துது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் ரூவா வரைக்கும். ஆறாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் உள்ள பிள்ளைய கையால ஏதாவது செஞ்சு பழகட்டும்னு. நல்ல நெனப்பு. நான் குத்தம் சொல்லல. நான் சொல்ல வந்தது வேற.

ஒரு பள்ளிக்கூடம். எந்த ஊரு, துட்டு யாரு குடுத்தா, அதெல்லாம் கேக்காத. ஆண்டு விழாவுக்கு என்னையும் பெரிய மனுசன்னு கூப்பிட்டிருந்தாவ. லேப்பைக் காட்டுனாவ. பளபளன்னு இருக்கு. ஒரு மிசினு மூலையில, பிளாஸ்டிக்கு உறையோட. அதுக்குப் பொட்டு வச்சு, சந்தனம் பூசி, மாலையும் போட்டிருக்கு. “இது என்னதுங்க?”ன்னேன். “3டி பிரிண்டர்.” “என்ன செய்யும்?” “எது வேணாலும் செய்யும்.” “இதுவரைக்கும் என்ன செஞ்சுது?” அதுக்குப் பதில் இல்ல. பெறகு பைய சொன்னாவ. “பிள்ளைய கை வச்சா ரிப்பேராயிரும். அதான் பூட்டி வச்சிருக்கோம்.”

பாத்துக்கோ. பிள்ளைக்காக வாங்குனது. பிள்ளை தொடப்பிடாது. நீச்சல் தெரிஞ்ச பெறகுதான் தண்ணியில எறங்கணும்னானாம் ஒரு அப்பன். அந்தக் கதைதான். ஒடையாம ஒண்ணு இருந்தா அது சாமான் இல்ல, சாமி. ஒடைஞ்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னாவது பிள்ளை பாக்கும்.

ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஆவாதுன்னு அந்தக் காலத்துல சொன்னாவ. இப்ப அதே சுரக்காயை ஸ்மார்ட் போர்டுல போட்டுக் காட்டுதாவ. கலரா இருக்கு, சுத்தவும் செய்யுது. கறிக்கு மட்டும் இன்னும் ஆவல.

இன்னொரு கூத்து கேளு. பத்தாப்பு அறிவியலுக்கு எழுத்துப் பரீட்சைக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறைன்னா கையால செஞ்சு பாக்கறதுதானே? ஒரு ராத்திரி எம் பேத்தி ரெக்கார்டு நோட்டு எழுதிக்கிட்டிருந்தா. குவிலென்சோட குவியத்தூரம் காணணும். அளவு எல்லாம் வரிசையா, மணிமணியா விழுது.

“லேப்புக்கு எப்ப தாயீ போன?”

“இன்னும் போகல தாத்தா. அடுத்த வாரம்.”

“பெறகு இந்த அளவெல்லாம்?”

“அக்கா நோட்டுல இருந்தது.”

“அக்கா பாத்த லென்சும் நீ பாக்கப்போற லென்சும் ஒண்ணாட்டீ?”

“எல்லா வருசமும் அதே லென்சுதான் தாத்தா.”

இந்தப் பதிலுக்கு மார்க்கு போடணும்னா நான் 25க்கு 25 போடுவேன். புத்திசாலிப் பிள்ளை. என்ன, அந்தப் புத்தியை நோட்டு எழுதச் செலவழிக்கா.

அன்னைக்கி ராத்திரி விட்டுட்டேன். மறுநாள் காலையில கூப்பிட்டேன். நான் பேப்பர் வாசிக்கிற கண்ணாடியைக் கழட்டிக் குடுத்தேன். தெருக்கதவைத் தெறந்து வையி, உள்ரூம்புச் செவத்துக்கிட்ட போயி நில்லு, கண்ணாடியைச் செவத்துக்கு நேரா பிடிச்சு, முன்ன பின்ன நகட்டுன்னேன். மொதல்ல வெறும் வெளிச்சம். இன்னும் கொஞ்சம் நகட்டுனா. அன்னா! எதுத்த வீட்டு வேப்பமரம் எங்க செவத்துல, தலைகீழா, உள்ளங்கை அகலத்துக்கு. காத்துல எலை அசையுறதுகூடத் தெரியுது. மரத்தடியில கட்டியிருந்த ஆடு வானத்துல தொங்குது.

பேத்தி மூச்சுவிடல. தையல் டேப்பு எடுத்துச் செவத்துக்கும் கண்ணாடிக்கும் அளந்தா. 40 சென்டிமீட்டர். மறுபடி அளந்தா. 39. மறுபடி, 40. பெறகு கண்ணாடிக் கடையில எனக்குக் குடுத்த சீட்டை எடுத்து நீட்டுனேன். ‘+2.50’ன்னு போட்டிருக்கு. நூறை ரெண்டரையால வகுத்துப் பாருன்னேன். வகுத்தா. போட்டாளே ஒரு சத்தம்! அடுக்களையில இருந்த ஆச்சி பால் பாத்திரத்தை விட்டுட்டு ஓடியாந்தா. ஏதோ பாம்புன்னு நெனச்சிட்டா.

அந்தச் சத்தம் உன் கிளாஸ்ல எப்பவாவது கேட்டிருக்கா வாத்தியாரே? கேக்கலன்னா நீ பாடம் நடத்தல. பாடத்துக்குக் காவல் இருக்கே.

கதை அதோட முடியல. பக்கத்து வீட்டுப் பையன் கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருக்கான். அதையும் வாங்கி வச்சுப் பாத்தா. செவத்துல ஒண்ணுமே விழல. ஏன் தாத்தான்னு கேட்டா. எட்டாப்புக்காரன்கிட்ட கேட்டா? உங்க வாத்தியார்ட்டப் போயி கேளுன்னேன். கேட்டிருக்கா. “அது இந்தப் பரீட்சைக்கு வராது”ன்னு பதில் வந்துருக்கு. யாரு சொன்னான்னு நான் கேக்கல. நீயும் கேக்காத. நீ சொல்லாம இருந்தாச் சரி.

இங்க்லீசு வார்த்தைக்கு ஒரு மயக்கம் இருக்கு, தமிழ் வார்த்தைக்கும் ஒரு மயக்கம் இருக்கு. ‘எவாப்பரேஷன்’னு ஒருத்தன் மனப்பாடம் பண்ணுதான். ‘ஆவியாதல்’னு இன்னொருத்தன் மனப்பாடம் பண்ணுதான். ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறி ஒரே இடத்துக்குத்தான் போறான். ரெண்டு பேரையும் ஒரு மண்பானை முன்னால நிறுத்து. சித்திரையில பானைத்தண்ணி ஐஸு மாதிரி இருக்கு. ஆடிச் சாரல்ல அதே பானை, அதே கெணத்துத் தண்ணி. ஏன் அம்புட்டுக் குளுரல? வெயில் காலத்துல குளுரணுமா, குளுர் காலத்துல குளுரணுமா? கேட்டுப் பாரு. தலையைச் சொறிவான். சொறியட்டும். பத்து நிமிசம் சொறிஞ்ச பெறகு நீயே சொல்லு. பானையில கசியுற தண்ணி காத்துல ஏறிப் போகையில சூட்டைக் கூடவே கொண்டு போகுது. காஞ்ச காத்துன்னா வாரி எடுத்துக்கிடும். சாரல் காத்து ஏற்கெனவே ஈரத்தால வயிறு நெறைஞ்சு கெடக்கு. அது எங்க எடுக்க? பந்தியில எந்திரிச்சவனுக்கு மறுபடி எலை போட்ட மாதிரி.

நான் புதுசுகளை மட்டும் கேலி பண்ணுதேன்னு நெனைக்காத. பழசுகளோட அலட்டலும் குறைஞ்சதில்ல. இப்ப வாட்ஸப்புல தெனம் ஒண்ணு வருது. நம்ம முன்னோர் மூடர்கள் அல்ல, ஆரத்தித் தட்டுல அணு இருக்கு, அம்மிக்கல்லுல ஆகாயம் இருக்குன்னு. அனுப்புறது யாரு? எம் மச்சினன். அம்மியில ஒரு நாளு துவையல் அரைச்சதில்ல அவன்.

எங்க அம்மைக்கு ஆரத்தி கரைக்கத் தெரியும். மஞ்சத்தண்ணியில ஒரு துளி சுண்ணாம்பு. மஞ்சள் ரத்தமாச் செவந்துரும். அவளுக்கு அது தெரியும். அது ஏன்னு தெரியாது. நீ அதைக் கிளாஸ்ல செய்யி. செவந்த தண்ணியில எலுமிச்சம்பழத்தைப் புழி. திரும்ப மஞ்சளாயிரும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், மஞ்சள் ரெண்டையும் காட்டிக் குடுக்குற கோள்காரி. லிட்மஸ் தாளு தீந்து போச்சு, இண்டெண்டு போட்டிருக்கேன், இன்னும் வரலன்னு நீ சொல்ல வேண்டாம். எந்த வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் இண்டெண்டு கெடையாது.

இப்ப உலக்கைக்கு வருதேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

2019ல நம்ம தென்காசி தனி மாவட்டமாச்சு, நவம்பர் 22. ஒரு மாசம்தான் போயிருக்கும். டிசம்பர் 26ஆம் தேதி காலையில சூரியகிரகணம். திண்டுக்கல், கோயமுத்தூர்ப் பக்கம் வளையமாத் தெரிஞ்சுது. நமக்குக் கடிச்ச அப்பளம் மாதிரி. எங்க வளவுல என்ன நடந்துது? தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, நடுவுல உலக்கையை நிறுத்துனாவ. உலக்கை பிடிமானம் இல்லாம நட்டக்க நின்னுது! தெருவே கூடிட்டு. பொம்பளைய கும்பிட்டாவ. ஒருத்தன் வீடியோ எடுத்தான். கிரகணம் இழுக்குற இழுப்புல உலக்கை நிக்கின்னு ஒரு பெரியவர் வெளக்கம் சொன்னாரு. யாரு அந்தப் பெரியவர்? நான்தான்.

சிரி, சிரி. எனக்கும் இப்பச் சிரிப்பாத்தான் வருது.

எம் பேத்திக்கு அப்ப பத்து வயசு. மறுநாள் காலையில அவ தாம்பாளத்தை எடுத்தா. தண்ணி ஊத்துனா. உலக்கையை நிறுத்துனா. கிரகணம் போயி ஒரு நாளாச்சு. மூணு தடவை சாஞ்சுது. நாலாந்தடவை நின்னுது. சோலி முடிஞ்சுது! அன்னைக்கி ஆச்சி என்னைப் பாத்த பார்வை இருக்கே, கிரகணத்தைவிட இருட்டு.

உலக்கை அடியில இரும்புப் பூண் இருக்கு. தட்டையா, கனமா. பொறுமையா நிறுத்துனா எந்த நாளும் நிக்கும். கிரகணத்தன்னைக்கி மட்டும்தான் நாம பொறுமையா நிறுத்துதோம். அம்புட்டுதான் ரகசியம். ஆயிரம் வருசமாக் கிரகணம் வருது. ஒருத்தனுக்கும் மறுநாளு நிறுத்திப் பாப்போம்னு தோணல. பத்து வயசுப் பிள்ளைக்குத் தோணிச்சு.

அறிவியல்ங்கறது அந்த மறுநாள்தான் வாத்தியாரே. ஒரு மருந்து தின்னா காய்ச்சல் விட்டுட்டா? தின்னாமலே விட்டிருக்குமான்னு பாரு. ஒரு உரம் போட்டா பயிரு செழிச்சுதா? பக்கத்துப் பாத்திக்குப் போடாம வச்சுப் பாரு. கொடைக்கு முளைப்பாரி போடுதாவல்லா, இருட்டு ரூம்புல வச்சா வெளிறிப்போயி நெட்டையா வளருது. சாமி குத்தமா, வெளிச்சம் இல்லாக் குத்தமா? இன்னொரு தொட்டியை வெயில்ல வச்சுப் பாரு. இதை ஒரு பிள்ளை பிடிச்சிக்கிட்டா போதும். பெறகு எவனும் அதை லேசுல ஏமாத்த முடியாது. நீயும் ஏமாத்த முடியாது. நானும்தான்.

இதெல்லாம் கிழவன் திண்ணைப் பேச்சுன்னு நெனைக்கியா? மத்தியப் பிரதேசத்துல அப்ப ஹோஷங்காபாத்துன்னு பேரு இருந்த ஒரு ஊரு. 1972ல 16 பள்ளிக்கூடத்துல அறிவியலை வேற மாதிரி நடத்த ஆரம்பிச்சாவ. மனப்பாடம் கெடையாது. பிள்ளைய கூட்டமா உக்காந்து சோதனை செய்யணும், பாத்ததை எழுதணும், வாதாடணும். பரீட்சையில புஸ்தகத்தைத் தெறந்து வச்சுக்கிடலாம். பிறகு நூத்துக்கணக்கான பள்ளிக்கூடத்துக்குப் பரவிச்சு. முப்பது வருசம் ஓடிச்சு. 2002ல அரசாங்கம் நிறுத்திட்டு. நல்ல காளைக்கு ஆயுசு குறைவு. கான்பூர் ஐஐடியில படிச்ச அரவிந்த் குப்தாங்கவரு அங்கன போயிதான் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் வச்சு முக்கோணம், கனசதுரம்னு பண்ணிக் காட்டுனாரு. பத்மஸ்ரீ குடுத்தாவ, 2018ல. தீக்குச்சி எங்க கெடைக்கும் தெரியுமா? கோவில்பட்டியில லாரி லாரியா. நம்ம ஊருப் பிள்ளை அதை உரசிப் பாத்திருக்கு. கோத்துப் பாத்ததில்ல.

நம்ம அரசாங்கமும் சும்மா இல்ல. 2022 நவம்பர்ல திருச்சியில வச்சு ‘வானவில் மன்றம்’னு தொடங்குனாவ. ஆறு, ஏழு, எட்டாப்புப் பிள்ளைகளுக்கு. வண்டியில சாமானோட ஆளு வருது, சோதனை செஞ்சு காட்டுது. நல்ல காரியம். ஆனா வண்டி போன பெறகு? ஒம்பதாப்பு வந்ததும்? ‘பப்ளிக் எக்ஸாம் வருது, வெளையாட்டு போதும்’னு நோட்ஸைக் கையில குடுத்துருதியே. வானவில்லுக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான்னு நாமளே நிரூபிச்சிரக் கூடாதுல்லா?

இன்னொண்ணு சொல்லுதேன். நம்ம மலையடிவாரத்தோட வடக்க போனா வத்திராயிருப்பு. 1898ல அங்க பொறந்தவரு கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவுன்னு பிப்ரவரி 28ல வருசா வருசம் பேச்சுப்போட்டி வைக்கியே, அந்த 1928 சோதனையில ராமன்கூட நின்னு கண்ணு வலிக்கப் பாத்தவரு. அந்த ஆரம்பச் சோதனைக்கு என்ன கருவி? சூரிய வெளிச்சம், லென்சு, கலர்க் கண்ணாடி, பெறகு மனுசன் கண்ணு. சரி, அதை விடு. கிருஷ்ணனுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு அறிவியல் வாத்தியார். பெரிய படிப்புப் படிச்சவரு இல்ல. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சொல்லிக் குடுத்தாரு. அதோட நிறுத்தல. ‘இதை வச்சுத் திடப்பொருளோட அடர்த்தியை எப்படி அளப்ப?’ன்னு பிள்ளைகளையே கேட்டாரு. கிருஷ்ணன் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. காலேஜுக்குப் போன பெறகு பாத்தா, அந்தக் கருவி ஏற்கெனவே இருக்கு. நிக்கல்சன் ஹைட்ரோமீட்டர்னு பேரும் இருக்கு. ஆனா அவருக்கு அது தன்னோட கண்டுபிடிப்புதான். அந்த ருசியை வச்சுத்தான் வாழ்க்கை பூரா ஓடுனாரு. பேரை முதல்ல சொல்லியிருந்தா? ‘நிக்கல்சன் ஹைட்ரோமீட்டர், ரெண்டு மார்க்கு’ன்னு அடிக்கோடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.

இங்கன பக்கத்துல செங்கோட்டை. நிகார் ஷாஜி அந்த ஊருப் பிள்ளைதான். அங்கன பள்ளிக்கூடம், பெறகு திருநெல்வேலி இஞ்சினியரிங் காலேஜு. சூரியனைப் பாக்க ஆதித்யா எல்1னு 2023 செப்டம்பர் 2ல விட்டாவல்லா, அதுக்குத் திட்ட இயக்குநர் அவிய. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கி அது. அவிய படிக்கையில 3டி பிரிண்டர் இருந்துதா, தெர்மாகோல் எரிமலை இருந்துதா? சூரியன் இருந்துது. அது இன்னைக்கும் செங்கோட்டைக்கு எம்புட்டு இருக்கோ அம்புட்டு ஆய்க்குடிக்கும் இருக்கு.

சூரியன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன் கைக்கடிகாரத்துல உச்சிவேளை எப்ப? பன்னெண்டு மணின்னுதானே சொல்லுவ? அதுலதான் நானும் மாட்டுனேன்.

போன சித்திரைக்கு முந்தி, ஏப்ரல் 13. எம் பேத்தி வந்து, “தாத்தா, இன்னைக்கி நெழலே விழாத நாள், உலக்கையைக் குடுங்க”ன்னா. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்க 9 டிகிரியில இருக்காம். வடக்க ஏறி வர்ற சூரியன் சித்திரை பொறக்கற வாக்குல நம்ம தலைக்கு நேர் மேல வருமாம். திரும்பித் தெக்க போகையில ஆகஸ்டு கடைசியில இன்னொரு தடவை. வருசத்துல இந்த ரெண்டு சமயம்தான். மத்த நாள்ல உச்சிக்கும் நெழல் உண்டு. நான் நம்பல. உச்சி வெயிலுக்குத் தெனமும் நெழலு காலுக்குள்ளதான கெடக்கும்னேன்.

புறவாசல்ல தாம்பாளம் இல்லாம, வெறும் தரையில உலக்கையை நிறுத்துனா. கொத்தனார்ட்ட தூக்குக்குண்டு வாங்கிச் சரியா நட்டக்க இருக்கான்னு பாத்தா. சாக்பீஸால நெழல் நுனியில அஞ்சு நிமிசத்துக்கு ஒரு கோடு. மணி பன்னெண்டு. நெழல் மேற்க இன்னும் அஞ்சாறு விரக்கடை நீளம் கெடக்கு. “பாத்தியா, உன் சயின்ஸு பொய்யாயிட்டு”ன்னு நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டேன். “இருங்க தாத்தா, மறுநாளு வரைக்கும் இருக்க வேண்டாம், இருவது நிமிசம் இருங்க”ன்னா.

பன்னெண்டு பத்து. நெழல் சுருங்குது. பன்னெண்டே கால். விரக்கடை ஒண்ணுதான் மிச்சம். பன்னெண்டு இருவது. உலக்கை தன் நெழலைத் தானே முழுங்கிட்டு. பூணைச் சுத்தி ஒரு வளையம்கூட இல்ல. வெயில் மண்டையைப் பொளக்கி. உலக்கை நிக்கி. நெழல் இல்ல. ஆச்சி, நான், எதுத்த வீட்டு ஆடு எல்லாரும் அப்படியே நிக்கோம்.

“ஏன்டீ பன்னெண்டுக்கு வராம பன்னெண்டு இருவதுக்கு வந்துது?”

“நம்ம கடிகாரம் மிர்சாப்பூர்க்காரங்க கடிகாரம் தாத்தா. இந்தியா முழுக்க 82 அரை டிகிரி கோட்டை வச்சுத்தான் மணி. நாம 77க்குக் கொஞ்சம் கூட. அஞ்சு டிகிரி மேற்க இருக்கோம். ஒரு டிகிரிக்குச் சூரியன் நாலு நிமிசம் எடுக்கும். நாலஞ்சு?”

“இருவது.”

“அதான்.”

வாத்தியாரே, எம்பது சித்திரை பாத்திருக்கேன். இதே புறவாசல். இதே வெயில். எம்பது வருசம் அந்த நெழல் என் கண்ணு முன்னாலயே காணாமப் போயிட்டு வந்திருக்கு. ஒரு தடவை நான் குனிஞ்சு பாக்கல. உலக்கை நெல்லு குத்தத்தான்னு நெனச்சிட்டேன்.

பேத்திக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். ஒரு டீச்சராம். பாடம் நடத்தையில ஒரு பையன், “உச்சிக்கு நெழல் எம்புட்டு நீளம் இருக்கும்?”னு கேட்டிருக்கான். அந்த அம்மா சொன்னாளாம், “எனக்குத் தெரியலடா. வா, வெளியில போயி அளந்து பாப்போம்.” அம்புட்டுதான். ‘தெரியல’, ‘வா’, ‘பாப்போம்’. மூணு வார்த்தை. உன் பி.எட்.டுல இந்த மூணும் இருக்கா? இல்லன்னா நான் தாரேன், துட்டு வேண்டாம்.

எந்திரிக்கியா? சரி, பொழுதாச்சு. அந்த எரிமலையை இங்கனயே வச்சிட்டுப் போ. ஆச்சி ரொம்ப நாளா முளைப்பாரிக்கு ஒரு தொட்டி தேடுதா. அன்னா, மூலையில உலக்கை சாஞ்சிருக்கு பாரு. அதை எடுத்துக்கோ. நாளைக்கி ஒம்பதாப்புப் பிள்ளைகளை மைதானத்துல நிறுத்தி, உச்சி நெழலை அளக்கச் சொல்லு. நாளைக்கழிச்சும் அளக்கச் சொல்லு. நெழல் கொஞ்சமாவது நகந்துருக்கான்னு பாக்கட்டும். ஏன் நகந்துதுன்னு கேப்பாவ. உடனே சொல்லிராத.

உலக்கையைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துரு. ஒடைஞ்சாக்கூடப் பரவால்ல. உறை போட்டு, பொட்டு வச்சு, பீரோவுல பூட்டுனன்னு மட்டும் தெரிஞ்சுது, ஆச்சியை அனுப்பிருவேன்.